ரன்னிண்டு சார்

மனிதர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஆள் நான். ராஜபாளையத்தில் பஸ் ஏஜெண்டாகப் பதினாலு வருஷம் உட்கார்ந்திருந்தேன். என் கம்பிச் சன்னலுக்கு முன்னால் வந்து நின்ற முகங்களை வரிசையாக நிறுத்தினால் சேத்தூர் வரை நிற்கும். அதில் சிரித்த முகம் ஒன்றைக்கூட ஞாபகப்படுத்த முடியவில்லை. ‘வண்டி எப்ப வரும்’, ‘எடம் இருக்கா’, ‘ஏன் இன்னும் வரலை’. இந்த மூன்றைத் தவிர ஜனங்கள் என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன். பெண்டாட்டிக்கு அதில் வருத்தம்தான்.

இப்படிப்பட்ட என்னிடம் வந்து, ஓர் ஆள் இன்னோர் ஆளைப் பார்ப்பதென்றால் சும்மா இல்லை என்று ஒருத்தர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ரன்னிண்டு சார். சொந்தப் பெயரைச் சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். வெயிலில் நிறம்போன கறுப்புக் கோட்டு, கீழே பஞ்சகச்சம், தலையில் ஒரு முண்டாசு. கையில் மட்டும் ஒன்றும் இருக்காது. மழைக்காலத்தில்கூடக் குடை எடுக்க மாட்டார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்கிற மாதிரிதான் எங்கேயும் வருவார். பஞ்சுக் கமிஷன் கடைகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுப்பது அவர் பிழைப்பு. ஆனால் ஊரில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த வேலை இல்லை. அவர் தற்செயல் செய்து கொடுப்பார்.

அதாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் பங்களாவில் வெள்ளைக்கார அதிகாரி முகாம் போட்டால், அவரைப் பார்க்க நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் பறப்பார்கள். முறைப்படி போனால் பட்லரைத் தாண்டவே இரண்டு நாளாகும். இவர் குறுக்கே ஒரு வழி வைத்திருந்தார். துரை சாயங்காலம் எந்தக் கண்மாய்க் கரையில் நடப்பார், எத்தனை மணிக்கு எந்த மரத்தைத் தாண்டுவார் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். பார்க்க வேண்டிய ஆளை அந்த மரத்துக்கு எதிர்த்திசையிலிருந்து நடக்கவிடுவார். இரண்டு பேரும் எதிர்ப்படுவார்கள். ‘அடடே, நீங்களா!’ என்றாகிவிடும். காரியம் முடிந்தது.

அதற்கு இங்கிலீஷில் ‘ரன் இண்டு’ என்று பெயராம். அதிலிருந்துதான் அவருக்கும் பெயர் வந்தது.

நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தார். என் பலகையில் வந்து உட்கார்ந்து, கோட்டுப் பைக்குள்ளிருந்து அதை எடுத்துப் பிரித்துவிட்டால் எனக்குத் தப்பிக்க வழி இல்லை.

“நாம என்ன சொல்லுதோம் ஏசண்டு? ‘பாத்தேன்’. அம்புட்டுத்தான். தெருவுல முட்டிக்கிட்டாலும் பாத்தேன், நாள் பாத்துப் போனாலும் பாத்தேன். வெள்ளைக்காரன் அப்பிடி இல்ல. போற போக்குல ஒரு வீட்டுல தலைய நீட்டினா டிராப் இன். முட்டிக்கிட்டா பம்ப் இண்டு. நெனைக்காம எதிர்ப்பட்டா ரன் இண்டு. ஊருக்குப் போறவனை வண்டி வரைக்கும் வந்து அனுப்பி வச்சா சீ ஆஃப்.”

“எல்லாரையும் அனுப்பி வைக்கிறது நான்தான் சார். எனக்கு எந்தத் துரையும் பேர் வைக்கலையே” என்பேன்.

அவர் காதில் விழாது. “இதுல பெரிசு கால் ஆன். ஒருத்தரைப் பாக்கணும்னே கெளம்பி, அவுக இருக்கிற எடந் தேடிப் போய்ப் பாக்கிறது. அதுல ஒரு கட்டாயம் உண்டு பாத்துக்கோரும். ஒருத்தர் வந்து கால் ஆன் பண்ணிட்டா மத்தவரு திருப்பிப் போய்ப் பாத்தே ஆகணும். போகலைன்னா உறவு முறிஞ்சதுன்னு அர்த்தம்.”

“பிரேக் தி ஐஸ்” என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தார். முதல் பேச்சைத் தொடங்குவதற்கு அப்படிப் பெயராம். மீன் கூடையில் மரத்தூளோடு வருகிற ஐஸைத் தவிர வேறு ஐஸைக் கண்டறியாத ஊரில், அதை உடைக்க அவர் பலபேருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். முதல் பேச்சு வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோதான் இருக்க வேண்டும். வந்த காரியத்தை எடுத்ததும் பேசினால் காரியம் கெட்டது என்பார்.

அவருடைய ஏற்பாடுகளில் ஒன்று கிளம்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்; மீதியை அவரே வந்து சொன்னார். வீட்டில் தெலுங்கு பேசுகிற பஞ்சு வியாபாரி ஒருத்தர், நல்ல மனிதர், துரையைத் ‘தற்செயலாக’ப் பார்க்க என் பஸ்ஸில் கிளம்பினார். கூட மைத்துனர்கள் நாலு பேர். ஒருத்தர் கையில் ரோஜாப்பூ மாலை, ஒருத்தர் கையில் எலுமிச்சம்பழத் தட்டு, இன்னொருத்தர் கையில் ஓலைக் கொட்டான் நிறையச் சப்பட்டை மாம்பழம். சார் பஸ்ஸில் ஏறியவர் அந்தத் தட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தற்செயலா வாரவன் கையில மாலை எப்பிடிய்யா வரும்?”

வியாபாரி அசரவில்லை. “பெரிய மனுசரை வெறுங்கையோட பாக்கிறதா? எங்க வம்சத்துலயே வழக்கமில்ல சார். நீங்க தற்செயலா வச்சாலும் சரி, எப்பிடி வச்சாலும் சரி, மாலை இல்லாம நான் வரமாட்டேன்.”

ஆக, ஐந்து பேரும் மாலை தட்டு சகிதம் கண்மாய்க் கரையில் தற்செயலாக நடந்தார்கள். துரை எதிரே வந்தார். வியாபாரிக்கு இரண்டு நாளாகப் படித்த இங்கிலீஷ் அத்தனையும் அந்த நிமிஷத்தில் மறந்துபோக, வீட்டுக்கு வந்த சம்பந்தியை அழைப்பதுபோல் “ரண்டி, ரண்டி” என்று கும்பிட்டாராம். துரை மாலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, ‘என்ன ஆச்சரியம், உங்களை இங்கே எதிர்பார்க்கவில்லையே’ என்றாராம்.

“துரைக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று சாரிடம் கேட்டேன்.

“எல்லாம் தெரியும். இத்தனை வருசத்துல ஒரு துரைகூட நம்பினதில்ல. தெரிஞ்சும் தெரியாத மாதிரி நிக்காக பாரும், அதுதான் எதிராளி குடுக்கிற மரியாதை” என்றார். அன்றைக்கு நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு திடீரென்று ஒருநாள் அவர் தற்செயல் வேலையை விட்டுவிட்டார். யார் கேட்டாலும் “உடம்புக்கு ஆகல” என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் பத்து மணி வண்டிக்கு வந்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு டிக்கெட். என்ன சோலி என்று கேட்டால், “சும்மா, ஒரு ரன் இண்டு” என்பார். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? ஒன்பது வருஷம்.

ஐந்தாவது வருஷமோ ஆறாவது வருஷமோ, ஐப்பசி அடைமழையில் வண்டி வராமல் இரண்டு மணி நேரம் என் பலகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். வேறு யாரோ ஒருத்தர் கதையைச் சொல்வதுபோல், மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கு ஓர் அக்கா. எட்டு வயது மூத்தவர். தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அந்த அக்காவின் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் இறந்துபோனார். ஆள் தேடி வந்து சொன்னபோது சார் அதே ஊரில், பங்களாவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். அக்கா வீடு பத்து நிமிஷ நடை. ஆனால் அன்றைக்கு ஒருத்தரைத் துரை கண்ணில் படவைக்க ஏற்பாடாகியிருந்தது. இதோ துரை வெளியே வந்துவிடுவார், முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று நின்றிருக்கிறார். துரை வரவில்லை. இதோ, இதோ என்று பொழுது போய்விட்டது. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள்.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். கூடப் பிறந்தவன் கையால் வருகிற சேலை அது. கூடப் பிறந்தவன் இவர் ஒருத்தர்தான். காத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ இரக்கப்பட்டு ஒரு சேலை வாங்கி வந்து போட்டிருக்கிறார். அந்தச் சேலையோடு மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா இவரை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு தடவைதான் பேசினாராம்.

“ஊர்ல இருக்கிறவனையெல்லாம் யாரையாவது பாக்க வைக்கிற. எங்க வீட்டுக்காரரு மொகத்தைக் கடைசியா ஒரு தடவை பாக்க ஒனக்கு நேரம் வாய்க்கல. இனிமே எங்க வாசப்படிய மிதிக்காத.”

அதோடு சரி.

“வாசப்படியத்தான் சொன்னா ஏசண்டு. தெருவச் சொல்லல. அதான் போறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவா. எங்கயாவது எதிர்ப்பட்டா, அவ சொல்லையும் நான் மீறினதா ஆகாது, அவளும் எறங்கி வந்ததா ஆகாது.”

“இதுவரைக்கும் எதிர்ப்பட்டதா?”

“நாலு தடவை முதுகப் பாத்தேன்.”

“கூப்பிட வேண்டியதுதானே?”

“கூப்பிட்டா அது எதிர்ப்பட்டது ஆகாதே” என்றார். “கையில ஒரு வாழைப்பழம் வாங்கிட்டுப் போகலாம்னு தோணும். வாங்க மாட்டேன். அதையும் பாத்துட்டா, வேணும்னே வந்திருக்கான்னு தெரிஞ்சுரும்.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்தவனுக்கெல்லாம் ஒரு சாயங்காலத்தில் ஏற்பாடு செய்து கொடுத்த மனிதர், தனக்கென்று வந்தபோது வருஷக்கணக்காகத் தெய்வம் செய்யட்டும் என்று காத்திருக்கிறார். இது பக்தியா, பயமா, வைராக்கியமா, ஒன்றும் புரியவில்லை. பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. எதிரே போய் நின்று, அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டால்? அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையும் இல்லை, பத்து மணி வண்டியும் இல்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கரி அடுப்பைக் கட்டினார்கள். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊதுவான். கரிப்புகையில்தான் வண்டி ஓடும். நடுவழியில் மூச்சு வாங்கி நிற்கும். நின்றால் ஆம்பிளைகள் இறங்கித் தள்ள வேண்டும். பொம்பளைகள் இறங்க வேண்டியதில்லை, அது ஒரு எழுதாத சட்டம். “பொம்பளையாளுக உள்ளயே இருங்க” என்று டிரைவர் ஒவ்வொரு தடவையும் கத்துவார். என் அலுப்பும் அப்போது இரண்டு மடங்காகிவிட்டது. வராத வண்டிக்குப் பதில் சொல்வதைவிடப் பெரிய தண்டனை இந்த உலகத்தில் இல்லை.

வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எட்டு மணி வண்டிக்கு அரை மணி முன்னால் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் சன்னலுக்கு வந்தார். சேத்தூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்புகிறார்.

“சீவில்லிபுத்தூருக்கு எடம் இருக்காய்யா?”

வழக்கமான கேள்விதான். கிழிக்க டிக்கெட்டை எடுத்தேன். அந்தம்மாள் சன்னலை விட்டு நகராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்த ஊர்ல இங்கிலீசு எழுதுறவுக ஒருத்தர் இருக்காகளாமே. நல்லா இருக்காகளா?”

“யாரு, ரன்னிண்டு சாரா?”

“பேரெல்லாம் எனக்குத் தெரியாது. ஒடம்பு சௌகரியமா இருக்காகளான்னு கேட்டேன். வேற ஒண்ணுமில்ல.”

பதினாலு வருஷத்தில் என் சன்னலில் யாரும் கேட்காத கேள்வி. நிமிர்ந்து பார்த்தேன். அதே மூக்கு, அதே மேடான நெற்றி. எடுத்த டிக்கெட்டைத் திரும்ப வைத்தேன்.

“நல்லா இருக்காகம்மா. எட்டு மணி வண்டியில எடம் இல்ல. பத்து மணி வண்டிக்குத்தான் தர முடியும். அப்பிடி நிழல்ல உக்காருங்க” என்றேன்.

எத்தனையோ பேரிடம் இடம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இடத்தை வைத்துக்கொண்டே சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பத்து மணி வண்டி டிரைவரைத் தனியாக அழைத்துப் போய், பாதி வழியில் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். “அங்க எதுக்கு? கரி நல்லாத்தானே புடிச்சிருக்கு” என்றார். “நிறுத்தும்” என்றேன். அந்தம்மாளைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டேன். சார் வழக்கம்போல் வண்டி உறுமத் தொடங்கியபின் கையை வீசிக்கொண்டு வந்தார். அவரை முன்பக்கமாக ஏற்றி டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. டிக்கெட் கட்டைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். அந்தம்மாள் கண் முன்சீட்டு முண்டாசிலேயே நின்றது. ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் இந்தப் பாவம் என் தலையில்தான்.

புளியமரத்தடியில் வண்டி நின்றது. கிளீனர் குதித்து அடுப்பைக் கிளறினான். ஆம்பிளைகள் இறங்கினார்கள். சாரும் இறங்கி மர நிழலுக்குப் போனார். “பொம்பளையாளுக உள்ளயே இருங்க, ரெண்டு நிமிசத்துல கெளம்பிரும்” என்று டிரைவர் கத்தினார்.

போச்சு என்று நினைத்தேன். அதை நான் யோசிக்கவே இல்லை. வண்டியை நிறுத்தத் தெரிந்த எனக்கு, அக்காவை இறக்க வழி தெரியவில்லை.

அப்போது பின்சீட்டில் அந்தம்மாள் எழுந்தார். பக்கத்தில் இருந்த பெண், “அவுக இருக்கச் சொல்லுதாகல்ல, உக்காருங்க ஆச்சி” என்றது. கேட்கவில்லை. கம்பியைப் பிடித்து, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். வெயிலில் நடந்து நேராகப் புளியமரத்தடிக்குப் போனார். சார் திரும்பினார்.

ஊருக்கெல்லாம் முதல் பேச்சு சொல்லிக்கொடுத்த மனிதருக்கு வாய் திறக்கவில்லை. வீசிப் பழகின இரண்டு கையும் என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டன.

“என்ன வெயிலு, மண்டையப் பொளக்குது” என்றார் அக்கா.

“ஆமாக்கா.”

“ஒரு கொடை எடுத்துட்டு வாரதில்லையாலே?”

“இல்லக்கா.”

“இப்பிடி எளைச்சுப் போயிருக்க.”

அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா முன்னால் நடந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் எல்லாரும் வண்டியைத் தள்ளினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் அந்தம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு இவ்வளவுதானா? பஸ் ஸ்டாண்டில் கல் மேல் உட்கார்ந்திருந்த சாரிடம் போனேன்.

“எட்டு மணி வண்டியில அவுகளுக்கு எடம் இல்ல, தற்செயலா இன்னிக்கு அமைஞ்சுபோச்சு சார்” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மேடு இல்ல, கரி தீரல. பாலத்துக்கிட்ட எதுக்குய்யா வண்டி நிக்கும்? என்கிட்டயேவா?” என்றார். கோபம் இல்லை. ரொம்பக் களைத்த குரல். “எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாதா? எட்டு மணி வண்டி எப்பவும்போலப் பாதி காலியாப் போனதை நெழல்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பா.”

அதையும் நான் யோசிக்கவில்லை.

“பொம்பளையாளுக எறங்க வேண்டாம்னு டிரைவர் சத்தமாச் சொன்னான். எல்லாந் தெரிஞ்சு, எறங்கி, வெயில்ல நடந்து என் பக்கத்துல வந்தா.” எழுந்து கோட்டுத் தூசியைத் தட்டினார். “இது ரன் இண்டு இல்ல ஏசண்டு. அக்கா என்னை வந்து பாத்துட்டா. இனி நான் போகாம இருக்கக் கூடாது.”

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எட்டு மணி வண்டிக்கே வந்துவிட்டார். கோட்டு துவைத்துப் போட்டிருந்தது. கையில் ஒரு கொட்டான் சப்பட்டை மாம்பழம். நான் பார்த்து அவர் கையில் ஒரு பொருளோடு வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். என்ன சோலி என்று நான் கேட்கவில்லை.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்கால வண்டியில் கூட்டம் இறங்கி முடிந்தபின் கடைசியாக அவர் இறங்கினார். கொட்டான் இல்லை. கையில் ஒரு பித்தளைத் தூக்குவாளி. மூடிக்கு மேல் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. நேராக என் சன்னலுக்கு வந்து அதைப் பலகையில் வைத்தார்.

“புளிக்கொழம்பு” என்றார். “வாளியச் சீக்கிரம் கொண்டாந்து குடுத்துரணுமாம். வீட்டுல வேற வாளி இல்லையாம்.”

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எட்டு மணி வண்டியில் ஓர் இடம் கேட்டார். இருக்கிறது என்றேன்.